திருமலையா, கொழும்பா? வேலைக்குப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

திருமலை_இளவல்

கொழும்புக்கு வேலைக்குப் போகலாமா, திருகோணமலையில் ஊரிலேயே இருக்கலாமா என்று இந்த மன்றத்தில் மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார். வரும் பதில்கள் இரண்டே வகை. "வீட்டுச் சோத்தையும் கடற்காத்தையும் விட்டுட்டு அங்க போய் என்ன செய்யப் போறீர்" என்பது ஒன்று. "ஊரில கிடந்தா முன்னேற ஏலாது" என்பது மற்றது. இரண்டிலும் எண் இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு வைத்துப் பேசுவோம். தனி ஆள், உயர் தேசிய டிப்ளோமா முடித்தவர், வீடு பாலையூற்றில். திருகோணமலையில் கணக்கு வேலை, 60,000 ரூபாய். கொழும்பில் அதே வேலை, 95,000. எது இலாபம், எந்த நிலையில்? தொகைகள் மாதிரிக்குத்தான், அவரவர் தங்கள் தொகையைப் போட்டுப் பார்க்கலாம். சொந்தக் கதைகளைத் தவிர்த்து முறையைச் சொல்லுங்கள்.

---

உவர்மலை_கணக்கு

நல்ல இழை தம்பி. முதலில் கையில் வருவதைப் பார்ப்போம்.

கொழும்பு 95,000இல் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 சதவீதம் 7,600 கழிந்தால் 87,400. திருமலை 60,000இல் 4,800 கழிந்தால் 55,200. மாதச் சம்பளம் 150,000ஐத் தாண்டாதவரை வருமான வரி இல்லை (2025 ஏப்ரலில் இருந்து இதுதான் எல்லை). ஆகவே இரண்டு பக்கமும் வரியை மறக்கலாம்.

இனிச் செலவு. கொழும்பில் இருவர் பகிரும் அறைக்கு 20,000, கரண்டும் தண்ணீரும் 2,500, மூன்று வேளைச் சாப்பாடு நாளுக்கு 1,000 வீதம் 30,000, நகருக்குள் பயணம் 5,000, மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்து போக 6,000. மொத்தம் 63,500. மிச்சம் 23,900.

திருமலையில் வீட்டுக்குக் கொடுப்பது 15,000, மோட்டார் சைக்கிளுக்கு 6,000, மதியச் சாப்பாட்டுக்கும் சில்லறைக்கும் 5,000. மொத்தம் 26,000. மிச்சம் 29,200.

35,000 கூடுதல் சம்பளம் வாங்குகிறவர் மாதக் கடைசியில் 5,300 குறைவாக வைத்திருக்கிறார். பலரும் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு "ஊர்தான் நல்லது" என்று முடிப்பார்கள். நிறுத்தக்கூடாது. முதலாளி கட்டும் ஈபிஎஃப் 12 சதவீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம், நம்மிடம் கழித்த 8 சதவீதம் எல்லாம் சேர்ந்து 23 சதவீதம் நம் பெயரில் சேருகிறது. 95,000க்கு அது 21,850. 60,000க்கு 13,800. இதையும் கூட்டினால் கொழும்பு 45,750, திருமலை 43,000. கொழும்பு 2,750 முன்னுக்கு வந்துவிட்டது.

ஆனால் இந்த முன்னிலை முழுக்க ஒரு விடயத்தில் தொங்குகிறது: 95,000 எப்படிப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது? நியமனக் கடிதத்தில் "அடிப்படைச் சம்பளம் 40,000, படிகள் 55,000" என்று போட்டு, 40,000க்கு மட்டும் ஈபிஎஃப் கட்டும் இடங்கள் நிறைய. அப்போது கழிவு 3,200தான், கையில் 91,800 வரும், மிச்சம் 28,300. ஆள் சந்தோஷப்படுவார். நிதியில் சேருவதோ 9,200 மட்டும். மொத்தம் 37,500. முழுச் சம்பளத்துக்கும் ஈபிஎஃப் கட்டும் திருமலை வேலையை விட 5,500 கீழே.

வாழ்க்கைச் செலவுப் படியும் உணவுப் படியும் ஈபிஎஃப் கணக்கில் சேர வேண்டும் என்பதுதான் சட்டம். பெயரை மாற்றி எழுதினால் அந்தக் கடமை போய்விடாது. ஓவர்டைம் சேராது. ஐந்து வருடம் முடித்தவருக்குக் கிடைக்கும் பணிக்கொடையும் கடைசியாக எடுத்த மாதச் சம்பளத்தில் பாதி வீதம் ஒவ்வொரு வருடத்துக்கும் கணக்கிடப்படுகிறது (15 பேருக்குக் குறையாத இடங்களில்). அங்கேயும் அடிப்படைச் சம்பளம் சிறிதாக இருந்தால் அடி விழும்.

---

தம்பலகாமம்_வயலோரம்

> 23 சதவீதம் நம் பெயரில் சேருகிறது

ஐயா, கணக்குச் சரி. ஆனால் ஈபிஎஃப் பணம் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வரை பெரும்பாலும் பூட்டுப் போட்ட பெட்டி. தங்கச்சியின் கல்யாணத்துக்கு உதவாது. ஈடிஎஃப் மட்டும்தான் வேலையை விட்டதும் எடுக்கலாம், அதுவும் ஒருமுறை எடுத்தால் அடுத்த தடவைக்கு ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். வீட்டில் கடன் இருக்கிறவருக்குக் கையில் இருக்கும் 29,200தான் உண்மை. இரண்டையும் ஒரே கூட்டில் போடுவது அவருக்குப் பொருந்தாது.

---

உவர்மலை_கணக்கு

சரியான வாதம். கடன் இருப்பவர் கைப்பணத்தைத் தனி நிரலில் போட வேண்டும். வட்டி கூடிய கடன் என்றால் முதல் வருடம் ஊர் வேலைதான் கணக்குக்கு ஒத்துவரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "தகுதிகாண் காலம் ஆறு மாதம் முடியட்டும், பிறகு ஈபிஎஃப் போடலாம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும், தற்காலிக ஊழியருக்கும் அப்படித்தான். ஒரு மாதத்துக்குரிய பணம் அடுத்த மாதம் முடிவதற்குள் போயிருக்க வேண்டும். உறுப்பினர் இலக்கத்தையும் அடையாள அட்டையையும் கொண்டுபோனால் தொழில் அலுவலகத்தில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். வேலை மாறும்போது இலக்கமும் மாறும். பழைய இலக்கங்களை எழுதி வையுங்கள். ஓரிடத்தில் பழைய ஒன்பது இலக்க அடையாள எண்ணும் இன்னோரிடத்தில் புதிய பன்னிரண்டு இலக்க எண்ணும் பதிவாகியிருந்தால் கணக்குகளைச் சேர்க்கும்போது இழுபடும்.

---

வெள்ளவத்தை_ஒழுங்கை

கணக்கில் 20,000 என்று ஒரு வரியில் போன அறை வாடகையைக் கொஞ்சம் விரிக்கிறேன். கொழும்பு வாழ்க்கை நன்றாக அமைவதும் சீரழிவதும் அதில்தான்.

நம்மவர் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வருகிறார்கள். கோவில், தமிழ்க் கடை, இடியப்பம், தெரிந்த முகம் எல்லாம் உண்டு. அதற்கான விலை வாடகையில் இருக்கிறது. முதலில் அலுவலகம் எங்கே என்று பாருங்கள். கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, மருதானைப் பக்கம் என்றால் வெள்ளவத்தையும் தெஹிவளையும் சரி, கரையோர ரயில் நேரே கொண்டுபோய் விடும். மாதப் பருவச்சீட்டு பஸ் செலவை விட மிகக் குறைவு, காலி வீதி நெரிசலும் அதைத் தொடாது. ராஜகிரிய, பத்தரமுல்லைப் பக்கம் அலுவலகம் என்றால் கரையோர ரயில் உதவாது. கூடுதல் வாடகையும் கொடுத்து இரண்டு பஸ்ஸும் மாறுவதில் அர்த்தமில்லை. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வத்தளை ஹெக்கித்தைப் பக்கம் தமிழ்ச் சூழலும் உண்டு, வாடகையும் இறங்கும். வத்தளையில் காலை நேர நீர்கொழும்பு வீதியைக் கணக்கில் எடுங்கள்.

பயணத்துக்கு ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் போனால், மாதம் 22 வேலை நாளில் 44 மணி நேரம். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஒரு வார வேலை 45 மணி. அதாவது மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு முழு வார வேலை சம்பளமில்லாமல் பஸ்ஸில் போகிறது. 4,000 ரூபாய் கூடக் கொடுத்தாவது அலுவலகத்துக்குப் பக்கத்தில் அறை எடுப்பது பலருக்கு இலாபம்.

முற்பணம் ஆறு மாதம், சில வீட்டில் ஒரு வருடமும் கேட்பார்கள். மாதம் 40,000 வாடகை உள்ள அனெக்ஸ் (வீட்டோடு சேர்ந்த தனிப்பகுதி) ஒன்றை இருவர் எடுத்தால் ஆறு மாதத்துக்கு 240,000, ஆளுக்கு 120,000. முதல் சம்பளத்துக்கு முன்னே இந்தக் காசு வேண்டும். இதை நகைக்கடனில் எடுத்தால் அந்த வட்டியையும் மாதச் செலவில் எழுதுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: முற்பணம் வாடகையில் கழியுமா, கடைசியில் திரும்புமா, எத்தனை நாளில் திரும்பும், இடையில் விட்டால் எவ்வளவு கால அறிவித்தல், வருடக் கடைசியில் வாடகை எவ்வளவு கூடும். இருவர் சேர்ந்து எடுத்தால் இரண்டு பெயரும் போட வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் அவர் வேலை மாறிப் போகும் நாளில் மற்றவர் முற்பணத்தைக் கேட்க வழியில்லை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

அடுத்து கரண்ட் பில். இதில்தான் போர்டிங் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறை. மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு விலை, தாண்டினால் வேறு படிவரிசை, 180ஐத் தாண்டிய அலகுக்கு உச்ச விலை. நான்கு அறையில் ஆளுக்கு 50 அலகு எரித்தாலும் ஒரே மீட்டரில் அது 200 அலகு. தனித்தனி மீட்டர் இருந்தால் எல்லாரும் அடிப்படியில் நிற்பார்கள், ஒரே மீட்டரில் கடைசி 20 அலகு உச்சப்படியில் விழுகிறது. வீட்டுக்காரர் "அலகுக்கு இவ்வளவு" என்று அந்த உச்ச விலையையே எல்லா அலகுக்கும் போட்டால் பில்லில் உள்ளதை விடக் கூடுதலாக வசூலாகிறது. சரியான முறை: அறைக்கு ஒரு உபமீட்டர், மாதாந்தப் பில்லின் பிரதி, மொத்தத் தொகையை மொத்த அலகால் வகுத்த சராசரி விலை. அறை பார்க்கப் போகும் அன்றே இதைக் கேளுங்கள். முற்பணம் கொடுத்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

அறையை மாலை ஆறு மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள். தண்ணீர் அழுத்தம், தொலைபேசிச் சமிக்ஞை, பக்கத்துச் சத்தம், மேல்மாடியின் சூடு நான்கும் அந்த நேரத்தில்தான் தெரியும்.

---

திருமலை_இளவல்

மின்கட்டணப் பகுதி அனெக்ஸ், கடைவீடு எடுப்பவருக்கும் பொருந்தும், அண்ணா. நன்றி. சாப்பாட்டுக்கு நாளுக்கு 1,000 போதுமா?

---

வெள்ளவத்தை_ஒழுங்கை

மூன்று வேளையும் கடை என்றால் அது தட்டுத்தடுமாறும் தொகை. காலையும் இரவும் அறையில், மதியம் சோற்றுப் பார்சல் என்றால் மீதி வரும். சமையல் அனுமதி உள்ள அறைக்கு 3,000 கூடக் கொடுத்தாலும் சாப்பாட்டில் அது திரும்பிவிடும். ரைஸ் குக்கர், சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு அடுப்பு போதும். வீட்டுக்காரர் காஸ் சிலிண்டரை விடமாட்டார், மின்அடுப்பு என்றால் மேலே சொன்ன மீட்டர் கதை திரும்ப வரும்.

---

கிண்ணியா_துறையடி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இதுவரை பேசியது மேசை வேலை. மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்திலிருந்து போகும் பிள்ளைகளில் கணிசமானோர் புறக்கோட்டைக் கடை வேலைக்குத்தான் போகிறார்கள். அவர்களுக்குக் கணக்கு வேறு.

கடையே தங்க இடமும் சாப்பாடும் தரும். ஆகவே வாடகையும் உணவும் கணக்கில் வராது, சம்பளம் அப்படியே மிஞ்சும் போலத் தெரியும். பார்க்க வேண்டியது நேரம். சட்டத்தில் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி, வாரம் ஒன்றரை நாள் சம்பளத்துடன் விடுமுறை. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. கடைக்கு மேலேயே தங்கினால் காலை லொறி வந்தாலும் இறங்க வேண்டும், இரவு கணக்கு முடியும் வரையும் நிற்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தை எட்டு மணிச் சம்பளத்துக்கு விற்பதாக முடியும். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000. இது அடிப்படைச் சம்பளம், தங்குமிடத்தையும் சோற்றையும் விலை போட்டு இதில் கழிக்க விடக்கூடாது.

என் அபிப்பிராயம்: கடை வேலைக்குக் கொழும்பு போவது தொழில் பழகத்தான். மொத்த விலை எங்கே, எந்தப் பருவத்தில் எந்தச் சரக்கு இறங்கும், யார் கடனுக்குத் தருவார், எந்தத் துணி எந்த லொறியில் கிழக்குக்கு வரும் என்பதைப் பழகினால், இரண்டு மூன்று வருடத்தில் கிண்ணியாவிலோ திருமலை மத்திய வீதியிலோ சின்னதாகத் தொடங்கலாம். அதைப் பழகாமல் மூட்டை தூக்குவதற்கு மட்டும் என்றால் ஊரிலேயே மேசன் கையாள் வேலை பரவாயில்லை.

---

சீனக்குடா_இணைப்பு

கிண்ணியா நானா சொன்ன "பழகத்தான் போவது" தொழில்நுட்ப வேலைக்கு இன்னும் பொருந்தும்.

திருமலையில் தொழிற்சாலை இல்லை என்று சொல்ல முடியாது. சீனக்குடாப் பக்கம் மாவு ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்த் தாங்கிகள், துறைமுகம் எல்லாம் உண்டு. பிரச்சினை வேறு. பெரிய ஆலையின் நிரந்தர இடம் அரிதாகவே காலியாகும், பராமரிப்பு வேலை ஒப்பந்தக்காரர் வழியாகப் போகும். ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறவர் எத்தனை வருடம் ஆலைக்குள் நின்றாலும் அனுபவக் கடிதம் ஒப்பந்தக்காரரின் பெயரில்தான் வரும். அவர் ஈபிஎஃப் கட்டாவிட்டால் அந்த வருடங்களுக்குக் காகித ஆதாரமும் இல்லை.

கொழும்பில் உயர்மாடிக் கட்டிடங்களில் குளிரூட்டல், மின்தூக்கி, தீயணைப்புக் குழாய், மின்பிறப்பாக்கி, கட்டிட முகாமைத்துவ அமைப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். வீட்டு ஏசி மட்டும் தெரிந்தவர் அங்கே சில்லர் எனும் பெரிய குளிரூட்டல் இயந்திரம் பழகலாம். திருமலையில் அந்த வாய்ப்பு ஒன்றிரண்டு இடத்தில்தான்.

போகுமுன் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு போங்கள். மட்டம் 3 உள்ளவரும் 4 உள்ளவரும் ஒரே வேலையைச் செய்தாலும் சம்பளப் படி வேறு. கை வேலை தெரிந்தும் படிக்காதவர்கள் நைட்டா (அரச தொழிற்பயிற்சி அதிகாரசபை) வழியாக முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் பெறலாம். செய்த வேலைகளின் படங்கள், முதலாளிகளின் கடிதங்கள், பயன்படுத்திய கருவிகளின் பட்டியல் மூன்றையும் ஒரு கோப்பில் சேர்க்க வேண்டும், பிறகு நேரில் செய்து காட்டும் பரீட்சை. கோப்பில் கடிதம் இல்லாமல்தான் பெரும்பாலானவர்கள் தடைப்படுகிறார்கள். இப்போதிருக்கும் மேற்பார்வையாளரிடம் நல்ல முகத்தோடு இருக்கும்போதே கடிதம் வாங்குங்கள்.

ஒப்பந்த விடயத்தில் ஒன்று: மூலச் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். பார்க்கக் காட்டலாம், உறுதிப்படுத்திய பிரதி கொடுக்கலாம். "பயிற்சி கொடுக்கிறோம், இரண்டு வருடம் விலக ஏலாது" என்றால் விலகினால் கட்ட வேண்டிய தொகையும், மாதாமாதம் அது எவ்வளவு குறையும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

---

தம்பலகாமம்_வயலோரம்

எண்ணெய்த் தாங்கித் திட்டம், சம்பூர் சூரியமின் திட்டம் எல்லாம் வருகிறதே, கொஞ்சம் பொறுத்தால் ஊரிலேயே வேலை வராதா?

---

சீனக்குடா_இணைப்பு

2022 ஜனவரியில் தாங்கிகளுக்கு ஒப்பந்தமானது, 2025 ஏப்ரலில் சம்பூரில் சூரியமின் நிலையத்துக்குத் தொடக்க விழா நடந்தது. இரண்டும் நல்லது. ஆனால் இந்த வகைத் திட்டத்தில் ஆள் தேவைப்படுவது கட்டும் காலத்தில். கட்டி முடிந்த சூரியமின் நிலையத்தை ஓட்ட ஒரு சிறு குழு போதும், தாங்கிப் பண்ணையும் அப்படித்தான். கட்டும் காலத்திலும் கம்பி வேலை, மின்வேலை தெரிந்தவருக்கே நல்ல சம்பளம். பொறுத்திருப்பவருக்கு அல்ல, தகைமையோடு பொறுத்திருப்பவருக்குத்தான் அதில் பங்கு. அந்தக் காலத்தை ஊரில் சும்மா கழிக்காமல் கொழும்பில் பழகிக்கொண்டு வந்தால் விண்ணப்பம் போடும்போது கையில் ஏதாவது இருக்கும்.

---

நிலாவெளி_பருவம்

ஹோட்டல் வேலைக்கு இந்த ஒப்பீடே வேறு விதமாக வரும். உப்புவெளி, நிலாவெளியில் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. பத்து சதவீத சேவைக் கட்டணம் பகிரப்படும் இடங்களில் அந்த மாதங்களில் சம்பளத்தை விட அது கூடுதலாகவும் வரலாம். வாடைக்காற்று தொடங்கினால் அறைகள் வெறுமை, அடிப்படைச் சம்பளம் மட்டும். ஆகவே ஓகஸ்ட் மாதச் சம்பளத்தைக் காட்டி "ஊரில இவ்வளவு எடுக்கலாம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி வகுத்துப் பாருங்கள்.

கொழும்பு நகர ஹோட்டல்களில் வருடம் முழுக்க ஓரளவு சமமாக வரும். இரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி உண்டு: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தென்கரையில், மே முதல் இங்கே. இதைச் செய்பவர்கள் ஈபிஎஃப் தொடர்ச்சியையும் பணிக்கொடையையும் இழக்கிறார்கள், ஐந்து வருடம் ஓரிடத்தில் சேராது. கிழக்கிலும் தெற்கிலும் விடுதி வைத்திருக்கும் ஒரே குழுமத்தில் இடமாற்றமாகப் போனால் சேவைக்காலம் அறாது. நேர்முகத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது.

---

லிங்கநகர்_இணையம்

மூன்றாவது வழி என்றதால் சொல்கிறேன்: கொழும்புச் சம்பளம், திருமலை வீடு. இணைய வேலை. பலர் நினைப்பது போல அது இலகுவான சொர்க்கமும் அல்ல, நடக்காத காரியமும் அல்ல.

ஃபைபர் இணைப்பு உங்கள் ஒழுங்கைக்கு வருமா என்று முதலில் விசாரியுங்கள், நகருக்குள்ளும் எல்லா ஒழுங்கைக்கும் இல்லை. 4ஜியை நம்பினால் இரவு ஏழு முதல் ஒன்பது வரை வேகம் சோதியுங்கள், காலையில் சோதித்து ஏமாறுவார்கள். மாற்று இணைப்புக்கு வேறு நிறுவனத்தின் சிம் எடுக்க வேண்டும், ஒரே கோபுரத்தில் தொங்கும் இரண்டு சிம் ஒன்றுக்குச் சமம்.

கரண்ட் போனால்: ஃபைபர் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட். ஒரு சிறு டிசி யூபிஎஸ் போதும். 8,800 மில்லியம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கலத்தின் அளவு, சுமார் 32 வாட்மணி. பெட்டி 8 வாட் எடுத்தால் இழப்புப் போக மூன்று மணி நேரம் ஓடும். வாங்குமுன் பெட்டியின் அடப்டரில் உள்ள வோல்ட்டைப் பாருங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் எரிந்துவிடலாம். அதன் முனையின் தடிப்பும் பொருந்த வேண்டும்.

கடலோரமாக வீடு இருந்தால் உப்புக்காற்று மடிக்கணினியின் துளைகளில் பச்சை பூக்கும். வேலை முடிந்ததும் மூடிய பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு வையுங்கள். ஏசியின் வெளி அலகை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கச்சான் காற்று வீசும் வெப்பக் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழ் மதியம் வேலை செய்ய முடியாது, அறைக்குக் கூரைத்தட்டு அடிப்பது கணினி வாங்குவதற்கு முந்திய செலவு.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு "சுயாதீன ஒப்பந்தக்காரர்" என்று எழுதினால் ஈபிஎஃப் இல்லை, விடுமுறை இல்லை, பணிக்கொடை இல்லை. மேலே ஐயா காட்டிய 23 சதவீதத்தில் முதலாளி தரும் 15 சதவீதத்தை நீங்களே கேட்கும் தொகையில் ஏற்றிக் கேட்க வேண்டும். வங்கி வழியாக வரும் வெளிநாட்டு நாணய வருமானத்துக்கு, வருடத்துக்கு 18 இலட்சம் விலக்குப் போக மீதிக்கு அதிகபட்சம் 15 சதவீத வரி 2025 ஏப்ரல் 1இலிருந்து உண்டு. வரி விவரத்திரட்டை நீங்களே கொடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: படித்து முடித்த கையோடு வீட்டிலிருந்து வேலை தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்தில் மூத்தவர் உட்கார்ந்து பிழை திருத்தும் முதல் இரண்டு வருடத்தைத் திரையால் ஈடுசெய்ய முடியாது. அந்த இரண்டு வருடத்துக்குக் கொழும்பு தேவை.

---

மனையாவெளி_அக்கா

பெண் பிள்ளைகள் கேட்காமல் விடும் இரண்டு மூன்று விடயம் சொல்கிறேன்.

விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டும், அலுவலகம் எத்தனை மணிக்கு விடும்: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கணக்கு வேலையில் மாதக் கடைசியிலும் வருடக் கடைசியிலும் ஏழு, எட்டு மணியாகும். விடுதி எட்டுக்குப் பூட்டினால் ஒவ்வொரு மாதமும் சண்டை. கன்னியர் மட விடுதிகள் பாதுகாப்பானவை, ஆனால் நேரம் கண்டிப்பு. பிந்திய நாளுக்கு அலுவலகக் கடிதத்தை ஏற்பார்களா என்று முதலே கேளுங்கள். அலுவலகம் இரவு வாகனம் தரும் என்றால் அது வீட்டு வாசல் வரையா, பிரதான வீதி வரையா என்பதும் நியமனக் கடிதத்தில் வரட்டும்.

சிங்களம் பேசப் பழகாமல் போக வேண்டாம். வீட்டுக்காரர், பஸ் நடத்துனர், மருந்துக்கடை, பொலிஸ் நிலையம் நான்குக்கும் தேவையான பேச்சு போதும், இலக்கணம் பிறகு பார்க்கலாம்.

பிள்ளை குட்டியோடு குடும்பமாகப் போக நினைப்பவர்களுக்கு: முதலாம் வகுப்பு அனுமதியில் பாதி இடங்கள் பாடசாலைக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு, அதற்கு ஐந்து வருட வாக்காளர் இடாப்புப் பதிவு பார்க்கப்படும். வாடகைக்குப் புதிதாக வந்தவர் அங்கே புள்ளி இழப்பார். ஆகவே பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது பெயர்வது மிக மோசமான நேரம்.

பெரிய பிள்ளை என்றால் இன்னும் கவனம். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பட்டியலில் உண்டு, கொழும்பு இல்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்தில் படித்தார் என்பதுதான் கணக்கு. "கொழும்பில நல்ல டியூஷன்" என்று பத்தாம் பதினொன்றாம் வகுப்போடு பெயர்த்துக் கொண்டுபோனால், அதே புள்ளிக்கு இங்கிருந்து மருத்துவமோ பொறியியலோ கிடைக்கக்கூடிய பிள்ளை அங்கே வெளியே நிற்கும். வேலைக்குப் போகும் தகப்பன் தனியே போகட்டும், பிள்ளை இங்கேயே எழுதட்டும் என்பது என் உறுதியான கருத்து.

---

வெள்ளவத்தை_ஒழுங்கை

> தகப்பன் தனியே போகட்டும்

அக்கா, மாவட்ட ஒதுக்கீடு சரி. ஆனால் வீட்டில் நெடுநாள் நோயாளி ஒருவர் இருந்தால் கதை மாறும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகம, சிக்கலான சத்திரசிகிச்சைக்குத் தேசிய வைத்தியசாலை, குழந்தைகளுக்கு லேடி ரிஜ்வே என்று கடைசியில் எல்லாமே கொழும்பில்தான் முடிகிறது. மாதம் இரண்டு முறை நோயாளியை 260 கிலோமீட்டர் கொண்டுவருவதை விடக் குடும்பமாக வந்துவிடுவது அந்த மனிதருக்கு நல்லது. கலைப்பிரிவுப் பிள்ளைக்கு ஒதுக்கீடு பெரும்பாலும் பொருந்தாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

---

மனையாவெளி_அக்கா

நோயாளி இருந்தால் ஒத்துக்கொள்கிறேன் தம்பி. அங்கே பிள்ளையின் புள்ளியை விட உயிர் பெரிது.

---

திருமலை_இளவல்

போவது என்று முடிவெடுத்தவர் கையில் என்ன வைத்திருக்க வேண்டும், ஊருக்கு வந்து போவதை எப்படித் திட்டமிடுவது என்று யாராவது சொல்லுங்கள்.

---

கிண்ணியா_துறையடி

காகிதம்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் (பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன்), கல்விச் சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகள் மூன்று தொகுதி. கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் காலாவதியாகும், நேர்முகம் உறுதியான பிறகு எடுங்கள். திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்க வேண்டும்.

பயணம்: 49ஆம் இலக்க பஸ் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழி. மீரிகம-குருநாகல் அதிவேகப் பாதை 2022இல் திறந்தாலும் கடவத்தை-மீரிகமப் பகுதி முடியாததால் கொழும்பை விட்டு வெளியேறும் நேரம் குறையவில்லை. வெள்ளி இரவு ஏறி ஞாயிறு இரவு திரும்புகிறவர் திங்கள் காலை நேரே அலுவலகம் போவார், அன்று வேலை ஓடாது. மாதம் நான்கு முறை அரைகுறையாக வருவதை விட, இரண்டு முறை சனி காலை புறப்பட்டு வருவது உடம்புக்கும் காசுக்கும் நல்லது. சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, பெருநாள் வாரங்களுக்கு ஆசனம் முன்பதிவு செய்யாமல் புறக்கோட்டை நிலையத்துக்குப் போகாதீர்கள்.

மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் ஓட வேண்டாம். யானை வீதியில் நிற்பது வெளிச்சத்தில் தெரிவதற்குள் மிக அருகில் போயிருப்பீர்கள். நவம்பர், டிசம்பரில் வெள்ளத்தால் பாதை மறிக்கப்படலாம், வருட விடுமுறை பதினான்கில் இரண்டு நாளை அதற்கென்று மிச்சம் வையுங்கள்.

---

உவர்மலை_கணக்கு

கடைசியாக ஒன்று, இளவலின் மாதிரிக்குத் திரும்பாமல் பொதுவாகச் சொல்கிறேன். போகிறவர்கள் வேலையை ஏற்குமுன் சம்பளக் கேள்வியை மூன்றாகப் பிரித்து மின்னஞ்சலில் கேளுங்கள்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தொகைக்கு ஈபிஎஃப் கட்டப்படும், முதல் சம்பள மீளாய்வு எந்த மாதம். மனிதவளப் பிரிவு தொலைபேசியில் பதில் சொன்னால், "நீங்கள் சொன்னதை உறுதிசெய்கிறேன்" என்று அதையே எழுதி அனுப்புங்கள். மறுப்பு வராவிட்டால் பிறகு தொழில் திணைக்களத்துக்குப் போகும் நிலை வந்தாலும் அந்த மின்னஞ்சல் உதவும். நியமனக் கடிதத்தை வேலையில் சேரும் அன்றே தர வேண்டும் என்பது சட்டம். "அடுத்த கிழமை தருகிறோம்" என்றால் அடுத்த கிழமை திரும்பவும் கேளுங்கள். சேர்வதற்கு முன்னரே கையெழுத்திட்ட வேலை வழங்கும் கடிதம் (ஆஃபர் லெட்டர்) கேட்டால் பெரும்பாலான நல்ல இடங்கள் தரும், அது கைக்கு வரும்வரை திருமலை வேலையின் விலகல் கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.